கொங்கு நாட்டிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு: உடல்நலம், பாதுகாப்பு குறித்த முழுமையான வழிகாட்டி

கோவை விமான நிலையத்திலிருந்து நேரடியாகச் சென்றடையக்கூடிய வெளிநாட்டு நகரங்கள் சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபி என ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும் என்றாலும், கொங்கு நாட்டவர் போய்ச் சேரும் ஊர்களுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஜனவரி வந்தால் பிராங்பர்ட் நகரின் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கரூர் ஏற்றுமதியாளர்கள் பெட்டி கட்டுகிறார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் பையர்களைப் பார்க்க ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வருகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளோடு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஓட்டுநர்களும் டிரில்லர்களும் புறப்படுகிறார்கள். மகளின் பிரசவத்துக்கென்று ஆறு மாத விசாவில் அமெரிக்கா செல்லும் அம்மாயிகளும் அப்புச்சிகளும் இல்லாத ஊர் இப்போது அரிது.

இப்படிப் போனவர்களில் மருத்துவமனை வாசலில் நிற்க நேர்ந்தவர்களின் கதையைக் கேட்டால், பெயர் தெரியாத விஷக்காய்ச்சலைவிட, இங்கிருந்தே உடன் கொண்டுபோன சர்க்கரையும் இரத்த அழுத்தமும், இடையில் தீர்ந்துபோன மாத்திரையும், படித்துப் பார்க்காமல் எடுத்த காப்பீடும், தவறான பக்கம் பார்த்துக் கடந்த சாலையும்தான் அடிக்கடி தென்படுகின்றன. ஆப்பிரிக்கப் பயணம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே கொசுவே முதல் எதிரி. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் படி: எட்டு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பார்த்தல்

டிக்கெட் போட்ட கையோடு, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் செல்லுங்கள். "வெளிநாடு போறேனுங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நாடு, எந்த மாதம், எத்தனை நாள், நகரத்து ஓட்டலிலா அல்லது காட்டோரத்து முகாமிலா தங்கப்போகிறீர்கள், அங்கே என்ன வேலை என்பதையெல்லாம் சொன்னால்தான் எந்தத் தடுப்பூசி, எந்த மாத்திரை என்று அவரால் முடிவு செய்ய முடியும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்தச் சமயத்தில் செய்துகொண்டால், அளவு கூடியிருந்தாலும் மருந்தை மாற்றி நிலைப்படுத்தக் கால அவகாசம் கிடைக்கும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் புதிய மருந்து தொடங்குவது நல்லதல்ல. அதன் பக்கவிளைவு உங்களை நடுவானில்தான் வந்து பிடிக்கும்.

பல்லையும் பார்த்துவிடுங்கள். பல பயணக் காப்பீடுகள் பல் சிகிச்சைக்குப் பெயரளவில் மட்டுமே பணம் தருகின்றன. ஈரோட்டில் ஒரு மதியத்தில் முடிகிற வேர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஆகும் தொகையைக் கேட்டால் பல்வலியே மறந்துபோகும். கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும், பறக்கத் தகுதியுள்ளவர் என்ற கடிதத்தை மருத்துவரிடம் வாங்கி வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எத்தனையாவது வாரம் வரை அனுமதி என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தடுப்பூசிகள்

கானா, நைஜீரியா, உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, பிரேசில் போன்ற நாடுகளுக்குச் செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றியமையாதது. நம் ஊரில் பேச்சு வழக்கில் சொல்லும் மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது கொசுவால் பரவும் வேறொரு வைரஸ் நோய். இந்த ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டு, சர்வதேசச் சான்றிதழ் அட்டையும் தருவார்கள். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். நாளைக்கு விமானம் என்று இன்றைக்கு ஓடுவதில் பயனில்லை. 2016 ஜூலை முதல் இச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று விதி மாற்றப்பட்டுவிட்டது. எனவே பத்தாண்டுகளுக்கு முன் போட்டவர்கள் பழைய அட்டையைத் தேடி எடுத்தாலே போதும்.

போகும்போது யாரும் கேட்கவில்லையே என்று இதை அசட்டை செய்பவர்கள் உண்டு. உண்மையில் இந்த அட்டையை விடாமல் கேட்பது நம் நாடுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டையில்லாமல் இந்தியாவில் வந்து இறங்குபவரை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி பொருந்துமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஹஜ், உம்ரா செல்வோருக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அதையும் சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். இவை தவிர டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டிய டெட்டனஸ் ஆகியவை நிலுவையில் இருந்தால் முடித்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்லும் வயதானவர்கள் ஃபுளூ தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் அது வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகிறது.

மூன்றாம் படி: மாத்திரைகள்

நம் வீடுகளில் மாத்திரை இருக்கும் நிலையைச் சற்று உற்றுப் பாருங்கள். மருந்துக் கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஆறை மட்டும் கத்தரித்துக் கொடுத்திருப்பார்கள். கத்தரி ஓடிய இடத்தில் மருந்தின் பெயர் பாதியாகவும், காலாவதித் தேதி இன்னொருவர் வாங்கிப்போன துண்டிலுமாகப் பிரிந்திருக்கும். அப்படிப்பட்ட துண்டுகள் நான்கைந்தை ஒரு ரப்பர் பேண்டில் சுற்றி, நகைக்கடை மணிபர்சில் போட்டு வைத்திருப்போம். எது காலை, எது இரவு என்பது அம்மாவுக்கு நிறத்தை வைத்துத் தெரியும். இதே பர்ஸ் வெளிநாட்டுச் சுங்க அதிகாரியின் மேசையில் கொட்டப்படும்போது, அது பெயரில்லாத மாத்திரைக் குவியலாகவே அவருக்குத் தெரியும்.

எனவே முழு அட்டைகளாக, பெயரும் தேதியும் தெரியும்படி, பில்லுடன் வாங்குங்கள். மருத்துவரிடம் புதிய சீட்டு ஒன்று கேட்டு, அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் தெளிவான ஆங்கிலத்தில், முடிந்தால் தட்டச்சில், எழுதி வாங்குங்கள். இங்கே நாம் பெயர் சொல்லிக் கேட்கும் பிராண்டு அங்கே இருக்காது. மெட்பார்மின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் என்ற மூலப்பெயர்கள்தான் எங்கும் செல்லும். அதிலும் ஒரு விதிவிலக்கு, நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள்.

எத்தனை நாளுக்கு எடுத்துச் செல்வது? குறுகிய பயணமென்றால் தேவையான நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு மூன்று மாத அளவு என்பதே பொதுவான வரம்பு. ஆறு மாதம் தங்கும் பெற்றோர், மீதிக்கு என்ன செய்வது என்பதை, அதாவது அங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்குவதா அல்லது சீட்டு நகலோடு இங்கிருந்து அனுப்பச் சொல்வதா என்பதை, போகும் முன்பே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்த பிறகு, செலவு வைக்க வேண்டாமே என்று பிள்ளைகளிடம் சொல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அது ஆபத்தானது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து, குறைந்தது பத்து நாள் அளவைக் கைப்பையில் வைத்திருங்கள். இன்சுலினை ஒருபோதும் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது; விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும், பெட்டி தொலைந்தால் எல்லாமே போய்விடும். பயன்பாட்டிலுள்ள பெரும்பாலான இன்சுலின்கள் 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாட்கள் தாங்கும் என்பதால், குளிர்ப்பை ஒன்றும் மருத்துவர் கடிதமும் இருந்தால் பயணம் சிரமமில்லாமல் முடியும். பாதுகாப்புச் சோதனையில் ஊசி, பேனா, குளுக்கோமீட்டர் ஆகியவற்றை நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதை வளைகுடா செல்வோர் இருமுறை படிக்க வேண்டும். இங்கே சாதாரணமாக எழுதித் தரப்படும் சில மருந்துகள் அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. வலிக்குத் தரப்படும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரைகள் ஆகியவை மட்டுமல்லாமல், சர்க்கரை நோயாளிகள் கால் எரிச்சலுக்காகத் தினமும் விழுங்கும் பிரகாபலின்கூட அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான். அமீரகத்துக்கு இத்தகைய மருந்தைக் கொண்டுசெல்ல அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூரிலும் கோடீனுக்கும் பல தூக்க மாத்திரைகளுக்கும் இதே போன்ற முன்அனுமதி முறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலுள்ள தம் மகனுக்கென்று கொடுத்தனுப்பும் மாத்திரைப் பொட்டலத்தை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வாங்காதீர்கள். மனக்கசப்பு வந்தால் வரட்டும்.

நான்காம் படி: பெட்டியில் வைக்கக் கூடாத உணவுகள்

குருமாவுக்கு அரைக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருளாகக் கருதப்படுகிறது. ஐம்பது கிராம் பொட்டலமானாலும், அதனுடன் பிடிபட்டால் சிறைக்குப் போக நேரிடும். தனியாக வைப்பது மட்டுமல்ல, வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்பதையும் பொடி திரித்தவரிடமே கேட்டுவிடுங்கள். வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் அங்கே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், ஊத்துக்குளி நெய் ஜெர்மனிக்குள் போக முடியாது. அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரக்கூடும் என்பதே காரணம். பழம், விதை, கருவாடு, ஊறுகாய் என எது இருந்தாலும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். குறிப்பிட்டால் அதிகபட்சம் பொருளைப் பறிமுதல் செய்வார்கள், மறைத்தால் அபராதம் விதிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கெடுபிடி இன்னும் அதிகம். பேரனுக்கு என்று கட்டிய நிலக்கடலை உருண்டைக்காக விசா ரத்தாவதில் அர்த்தமில்லை.

ஐந்தாம் படி: காப்பீடு

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்பதால், ஐரோப்பா செல்வோர் எப்படியும் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் விசாவுக்காக எடுக்கும் மிகக் குறைந்த விலைக் காப்பீடும், நோய் வந்தால் உதவும் காப்பீடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய பகுதி. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றால் வரும் பாதிப்புக்குச் சில பாலிசிகள் எதுவும் தருவதில்லை. சில, உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஒரு வரம்புக்குள் தருகின்றன. பிரீமியம் ஏறிவிடும் என்று முகவர் "சுகர் இல்லைன்னே போட்டுக்கலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையின் முதல் இரத்தப் பரிசோதனையிலேயே உண்மை வெளிப்பட்டு, கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படும்.

அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு எடுக்கும்போது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய திட்டங்களைத் தவிர்த்து, மொத்தத் தொகைக்குள் உண்மைச் செலவைத் தரும் திட்டத்தை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரீமியம் கூடத்தான் செய்யும், வேறு வழியில்லை. நோயாளியை நாடு திருப்பிக் கொண்டுவரும் செலவும், துரதிருஷ்டவசமாக இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். கேட்கவே சங்கடமான விஷயந்தான், ஆனாலும் கேட்டாக வேண்டும்.

வேலைக்குச் செல்வோரில், பத்தாம் வகுப்பு முடிக்காததால் இசிஆர் (வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகைப் பாஸ்போர்ட் வைத்திருந்து வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு, மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். குடும்பத்தாரிடம் இதன் நகல் இல்லாவிட்டால் இருந்தும் பயனில்லை.

ஆறாம் படி: ஆவணங்களும் வேலை மோசடியும்

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலம் மீதமிருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரு தொகுப்பாகப் பெட்டியிலும், இன்னொரு தொகுப்பாக ஊரில் நம்பிக்கையானவரிடமும், படங்களாகக் கைப்பேசியிலும் வையுங்கள். வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அது ஓராண்டு செல்லும்.

உடல்நலத்தைவிடப் பெரிய ஆபத்து, இளைஞர்களுக்கு வேறிடத்தில் காத்திருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை, லட்சத்தில் சம்பளம் என்று அழைத்துச் சென்று, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்கோ, கம்போடியா, லாவோசுக்கோ கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்து வைக்கும் கும்பல்களிடம் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் சிக்கி, 2022 முதல் தொகுதி தொகுதியாக மீட்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்து சேர், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று நீங்களே பார்க்கலாம். போர்வெல் வேலைக்கு ஆப்பிரிக்கா செல்வோரும், வேலை ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு மருத்துவச் செலவும் திரும்பும் டிக்கெட்டும் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறதா எனப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரர் வண்டிதானே என்ற தயக்கம் இங்கே உதவாது.

ஏழாம் படி: விமானத்தில்

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்கி, மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடந்து, உட்கார்ந்த நிலையிலும் குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டிருங்கள். அண்மையில் அறுவை சிகிச்சையானவர்கள், கர்ப்பிணிகள், முன்பே இரத்தக்கட்டி வந்தவர்கள் ஆகியோர் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இறங்கிய சில நாட்களில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, அலுப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், உணவுத் தட்டு முன்னால் வந்த பிறகே அதை விழுங்க வேண்டும். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை உள்ளே போய் உணவு வராமல் போனால் சர்க்கரை சடாரென இறங்கும். கையில் குளுக்கோஸ் பொட்டலமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது, கிழக்கே போகும்போது சுருங்குகிறது. நியூயார்க் குளிர்காலத்தில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், இன்சுலின் போடுபவர்கள் பயண நாளின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கிக்கொள்வதே சரி. சைவ உணவோ சர்க்கரை நோயாளிக்கான உணவோ வேண்டுமானால் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

தனியாகச் செல்லும் பெற்றோருக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்கத் தெம்பிருக்கும்போது எதற்கு என்று அவர்கள் கூச்சப்படுவார்கள். ஆனால் முட்டிவலியோடு தோகா, துபாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் அடுத்த விமானத்தின் வாயிலைத் தேடி நடப்பதும், குடிநுழைவு அதிகாரியின் கேள்விக்கு முன் தடுமாறுவதும் அந்த உதவியாளரால் பெரிதும் குறைகின்றன.

எட்டாம் படி: போய்ச் சேர்ந்த இடத்தில்

*தண்ணீரும் உணவும்.* சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கோவைக்காரர்களுக்கு எந்த ஊர்த் தண்ணீரும் வாய்க்குப் பிடிப்பதில்லை என்ற கேலி ஒருபுறமிருக்க, சிங்கப்பூரிலும் மேற்கு ஐரோப்பாவிலும் குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம். ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியிலும் மூடி பிரிக்காத பாட்டில் நீர் அல்லது ஒரு நிமிடம் நன்கு கொதிக்க வைத்த நீர் மட்டுமே. பலரும் கோட்டைவிடுவது ஐஸ் கட்டியில். பாட்டில் பானத்தைக் குழாய் நீரில் செய்த ஐசோடு குடித்தால் கவனமெல்லாம் வீண். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். மலத்தில் இரத்தமோ கூடவே காய்ச்சலோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையைப் போடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

*கொசு.* ஆப்பிரிக்காவின் பால்சிபாரம் வகை மலேரியா, இரண்டொரு நாளில் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. இதைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி நான்கு வாரங்கள் வரை தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பி ஏழு நாட்கள். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. போர்வெல் ரிக் வண்டியின் அருகே கூடாரத்தில் உறங்குபவர்கள் மருந்து தோய்த்த கொசுவலையைக் கட்டாயம் கட்டிக்கொள்ள வேண்டும். கொசுவலைக்குப் பேர்போன கரூர் நம் பக்கத்திலேயே இருக்கும்போது அதை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போடாமல் போவதற்குக் காரணமே இல்லை. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பதால், டீட் என்னும் கொசுவிரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள களிம்பைப் பகலிலும் பூசுங்கள். வெயில் களிம்பும் பூசுவதானால் அதை முதலிலும் கொசுக் களிம்பை அதன் மேலும் பூச வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை, அடுத்த நாள் என்று தள்ளிப்போடக் கூடாது.

*வெயிலும் குளிரும்.* அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கச் சட்டப்படி தடை உண்டு. அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ, அது வெப்பவாதம்; நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் நீரூற்றிக் காற்று வீசியபடியே ஆம்புலன்சை அழையுங்கள். கண்காட்சிக்கு ஜனவரியில் பிராங்பர்ட் செல்வோருக்கு இதற்கு நேர்மாறான நிலை. வெளியே உறைநிலையை ஒட்டிய குளிரும் அரங்கத்துக்குள் வெதுவெதுப்புமாக மாறிமாறி வரும் என்பதால், ஒரே தடித்த ஸ்வெட்டரைவிடக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று அடுக்கு உடைகள் பயன்படும். தோல் ஷூ பனிக்கட்டியில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமே ஏற்றது. எங்கேயானாலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டிக் குளிர்காயாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உறக்கத்தில் கொல்லும்.

*உயரம்.* நேபாளத்தின் முக்திநாத்துக்குக் கோவை, ஈரோட்டிலிருந்து யாத்திரைக் குழுக்கள் செல்கின்றன. ஊட்டி 2,240 மீட்டர். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். ஊட்டியில் எதுவும் ஆகவில்லை என்பது இதற்கு அத்தாட்சி ஆகாது. பொக்காராவிலிருந்து ஒரே மூச்சில் மேலே ஏறாமல் ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்குவதே நல்லது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தொடங்கினால் மேலே போகாமல் கீழே இறங்குவதுதான் சிகிச்சை. தரிசனத்துக்குச் சில நூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும் இதில் மாற்றமில்லை.

*சாலை.* சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்க்கும் பழக்கம் நம் கழுத்திலேயே ஊறிப்போனது. அமெரிக்கா, ஜெர்மனி, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், முதல் வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, கென்யா ஆகியவற்றில் நம் ஊரைப் போலவே. வந்திறங்கிய முதல் சில நாட்கள், இருபுறமும் பார்த்து, சிக்னலில் மட்டும் கடக்க வேண்டும். பின்னிருக்கையிலும் சீட் பெல்ட் போடுங்கள்.

*கடி.* நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். பாலியின் கோயில் குரங்குகளிடம் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒன்பதாம் படி: அவசரம் வந்தால்

நம் 108க்கு நிகராக ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, இங்கிலாந்தில் 999, சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998, ஆஸ்திரேலியாவில் 000. வீட்டு முகவரி, பிள்ளைகளின் எண், நோய்களின் பெயர், எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று, நடைப்பயிற்சிக்குப் போகும்போதுகூடப் பெரியவர்களின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதம் என்று கொண்டு அந்தக் கணமே அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு. அமெரிக்க மருத்துவமனைகளில் "தமிழ்" என்று சொன்னால் தொலைபேசி வழியாகவாவது மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். அனுமதிக்கப்பட்ட உடனே காப்பீட்டு எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையப் புகார் நகலோடு இந்தியத் தூதரகம் சென்றால் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். சம்பளத் தகராறு, அடைத்து வைத்தல் போன்றவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் குறைதீர் தளமும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன.

பத்தாம் படி: திரும்பி வந்த பிறகு

மலேரியாத் தடுப்பு மாத்திரையை, வீடு வந்துவிட்டோமே என்று நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி வெளிவரும் காலம் அது. மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை விழுங்கியாக வேண்டும். திரும்பிய மூன்று மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், அதன் பின்னும் ஓராண்டு வரையிலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "நான் இன்ன நாட்டிலிருந்து இந்தத் தேதியில் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வந்தால் நம் ஊர் மருத்துவமனைகளில் முதலில் டெங்குவைத்தான் தேடுவார்கள். ஆப்பிரிக்கா என்ற சொல் காதில் விழுந்தால்தான் மலேரியாப் பரிசோதனையையும் அன்றே எழுதுவார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, ஆறாத தோல் புண், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றுக்கும் இதே விதி. நேரமாற்றத்தால் கலைந்த மாத்திரை வேளையை மூன்று நான்கு நாட்களில் பழைய நேரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் கழித்துச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.